பினாங்கு நாட்குறிப்பு: எலி, அணில், குபோங், வௌவால்

வியாழன், ஜார்ஜ் டவுன்

பினாங்குக்கு வந்த தமிழர்கள் எழுதும் பயணக் கட்டுரை பெரும்பாலும் நாசி கண்டாரில்தான் தொடங்கும். நானும் சாப்பிட்டேன். மூன்று குழம்பைக் கலந்து ஊற்றினார்கள், நன்றாகவே இருந்தது. சாப்பாட்டுக் கதை இதோடு சரி. ஏனென்றால் இந்த முறை என்னை ஊர் சுற்றிக் காட்டப் பொறுப்பேற்றவள் அண்ணன் மகள். யூ.எஸ்.எம். என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள். ஓவியம் வரைந்த சுவர், பழைய கடைவீடு எதிலும் அவளுக்கு நாட்டமில்லை. எலி, அணில், மூஞ்சூறு, வௌவால் என்று ஆரம்பித்தால் வாய் ஓயாது.

மாலையில் குயீன் வீதி மகா மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1833இல் கட்டியது. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தால் இவள் வாகனத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "சித்தப்பா, இந்த மூஞ்சூறுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் செத்துட்டான் தெரியுமா?" என்றாள். சன்னதியில் கேட்கிற கேள்வியா இது? வெளியே வந்து பேசுவோம் என்று கூட்டிக்கொண்டு வந்தேன்.

அப்படியே கடல் பக்கம் நடந்து துறைமுகத்துக்கு வந்துவிட்டோம். எங்கள் பெரியம்மா வீட்டுத் தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜூலா ஏறி இங்கே வந்து இறங்கியவர். 1926இலிருந்து பல பத்தாண்டுகள் சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த கப்பல் அது. தாத்தாவை நினைத்து நான் கொஞ்சம் உருகிக்கொண்டிருக்கையில் அவள் சொன்னாள்: "ஆளு மட்டுமா வந்தாங்க? எலியும் சேர்ந்துதான் வந்துச்சு."

உலகத் துறைமுகங்களில் எல்லாம் இன்று ஓடும் கறுப்பெலியின் பூர்வீகம் இந்தியத் துணைக்கண்டம். கப்பல் கப்பலாக ஏறி ஊர் உலகம் எல்லாம் குடியேறிவிட்டது. அது செய்த வேலைகளில் ஒன்றை அங்கேயே, சிமெண்டு கட்டையில் உட்கார்ந்தபடி சொன்னாள். இரவு அறைக்கு வந்து நான் எழுதிக்கொண்டது இது.

ஜாவாவுக்குத் தெற்கே கிறிஸ்துமஸ் தீவு என்று ஒன்று. இன்று ஆஸ்திரேலியாவுடையது. ஆனால் 1900இல் அதை பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பிரிட்டிஷ் காலனியோடுதான் சேர்த்தார்கள். 1958 வரை ஆஸ்திரேலியாவுக்குப் போகவில்லை. அந்தத் தீவுக்கு மட்டுமே உரிய எலிகள் இரண்டு இருந்தன. ஒன்று மெக்லியர் எலி, இன்னொன்று முதுகில் தடித்த கொழுப்பு அடுக்கு கொண்ட புல்டாக் எலி. 1897இல் அங்கே போன சார்லஸ் ஆண்ட்ரூஸ் என்ற பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து ஆராய்ச்சியாளர், மெக்லியர் எலிகள் இரவில் கூட்டம் கூட்டமாகத் திரிந்ததை எழுதிவைத்திருக்கிறார். 1899இல், பாஸ்பேட் கிடைக்கும் அந்தத் தீவுக்கு ஒரு கப்பல் வந்தது. கப்பலின் பெயர் ஹிந்துஸ்தான். சரக்கோடு கறுப்பெலியும் இறங்கியது. அடுத்த சில ஆண்டுகளில், உள்ளூர் எலிகள் பட்டப்பகலில் பாதையில் தள்ளாடி ஊர்ந்துகொண்டிருந்ததை டர்ஹாம் என்ற ஒட்டுண்ணி ஆய்வாளர் கவனித்தார். 1904 வாக்கில் இரண்டு இனமும் இல்லை. 1908இல் ஆண்ட்ரூஸ் திரும்பப் போய்த் தேடினார். ஒன்றுகூட அகப்படவில்லை.

கறுப்பெலியின் ரத்தத்தில் இருந்த ஓர் ஒட்டுண்ணியைத் தெள்ளுப்பூச்சி உள்ளூர் எலிக்கு ஏற்றியிருக்கும் என்பது டர்ஹாமின் சந்தேகம். நூறு ஆண்டு கழித்து, அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருந்த தோல்களில் மரபணுவைச் சோதித்தார்கள். கப்பல் வருவதற்கு முன் பிடித்த எலிகளில் அந்த ஒட்டுண்ணி இல்லை, பிறகு பிடித்தவற்றில் இருந்தது. அந்த ஆய்வு 2008இல் வெளியானது. ஒரு நோய் ஒரு பாலூட்டி இனத்தையே அடியோடு துடைத்துவிட முடியும் என்பதற்கு இதுவே முதல் வலுவான சாட்சி என்கிறார்கள்.

இதில் என்னை உலுக்கியது, பழி போட ஆளே இல்லாததுதான். வேட்டையாடியவன் யாரும் இல்லை, கப்பல்காரனுக்கும் தெரியாது. வந்த எலிக்கு அந்தக் கிருமி பெரிய பொருட்டே இல்லை.

கோயிலில் கேட்டாளே, அந்த மூஞ்சூறும் இதே தீவுதான். ஐந்தாறு கிராம் எடை. ஆண்ட்ரூஸ் போன காலத்தில் தீவெங்கும் இரவில் அதன் கீச்சுக்குரல் கேட்டதாம். கடைசியாகப் பார்த்தது 1985இல். 2025 அக்டோபரில் அழிந்த இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்துவிட்டது. நம் பத்திரிகைகளில் நான் பார்த்தவரை ஒரு பெட்டிச் செய்திகூட இல்லை. புலியாக இருந்திருந்தால் அட்டைப்படம்.

வெள்ளி, கொடிமலை

பசியாறிவிட்டு (இங்கே காலை உணவுக்கு அப்படித்தான் சொல்கிறார்கள், கேட்கவே இதமாக இருக்கிறது) கொடிமலை ரயிலுக்கு வரிசையில் நின்றோம். 1923இல் ஓடத் தொடங்கிய பாதை, பெட்டிகள் புதியவை. வரிசை பற்றி எழுதினால் அதுவே ஒரு கட்டுரை ஆகும், விடுங்கள்.

மேலே குளிர்ச்சி. பழைய மரங்கள். 2021இல் யுனெஸ்கோ இந்த மலையையும் ஒட்டிய காட்டையும் கடலையும் சேர்த்து 12,481 ஹெக்டேரை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. நடைபாலத்தில் போகும்போது ஒரு கிளை திடீரென்று வளைந்தது. கறுப்பு முதுகு, வெளிர் மஞ்சள் வயிறு, உடம்பைவிட நீண்ட வால்: கரும் மலை அணில். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் அணிலுக்குப் பங்காளி. இரண்டும் ஒரே மாதிரி மரத்துக்கு மரம் பாய்ந்து வாழ்பவை, தரையில் இறங்கவே பிடிக்காது. மரங்களின் தலைகள் ஒன்றையொன்று தொடாத இடத்தில் இவற்றின் உலகம் முடிந்துவிடும்.

குபோங்கைப் பார்க்க மாலை வரை காத்திருந்தோம். பகல் முழுக்க மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும். வழிகாட்டி விரலை நீட்டிக் காட்டிய பிறகும் எனக்கு மரத்தின் புடைப்பாகவே தெரிந்தது. பொழுது சாய்ந்ததும் அந்தப் புடைப்பு அசைந்தது. மேலே ஏறியது. கழுத்திலிருந்து வால்நுனி வரை தோலை விரித்து, சத்தமே இல்லாமல் எதிர் மரத்துக்கு மிதந்து போனது. பறக்கும் லெமூர் என்று பாடப்புத்தகத்தில் படித்ததுதான். அது லெமூரும் இல்லை, பறப்பதும் இல்லை. நூறு மீட்டருக்கு மேலும் சறுக்கிப் போகும். குறுக்கே நான்கு வழிச் சாலையோ வெட்டிய சரிவோ வந்தால், போய் ஒட்டிக்கொள்ள மரம் எங்கே?

ரயிலுக்குக் காத்திருக்கும்போது என் கேள்வியைப் போட்டேன். இவ்வளவு காடு இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை?

"காடு இருக்கு சித்தப்பா. துண்டா இருந்தா அது காடு இல்லை" என்றாள். பிறகு எனக்குத் தாய்லாந்துக் கதை. பினாங்குக்கு வடக்கே, சூராட் தானி மாகாணத்தில், 1986-87இல் ஓர் அணை கட்டினார்கள். பள்ளத்தாக்கு நிரம்பி சியூ லார்ன் என்ற ஏரி ஆனது. குன்றுகளின் உச்சிகள் நூற்றுக்கு மேற்பட்ட குட்டித் தீவுகளாக நின்றன. மரங்கள் அப்படியே பச்சைப் பசேல் என்று நின்றன. வெளியிலிருந்து பார்த்தால் காட்டுக்கு ஒரு குறையும் இல்லை. தீவுகளுக்குள் போய் எலி, மூஞ்சூறு, மர மூஞ்சூறு போன்ற சிற்றுயிர்களை ஆராய்ச்சியாளர்கள் பிடித்துப் பிடித்து விட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் போனார்கள். பத்து ஹெக்டேருக்குக் குறைந்த தீவுகளில் ஐந்தே ஆண்டில் ஏறக்குறைய எல்லாம் காலி. பத்திலிருந்து ஐம்பத்தாறு ஹெக்டேர் வரை இருந்த பெரிய தீவுகளும் இருபத்தைந்து ஆண்டுக்குள் அதே கதி. 2013இல் ஆய்வு வெளியானது.

காரணம் இரண்டு, கைகோத்து வந்திருக்கின்றன. ஒன்று, இடம் சுருங்கியது: சிறிய கூட்டம் ஒரு கெட்ட ஆண்டைத் தாங்காது, வெளியிலிருந்து புதியதாக ஒன்று வந்து சேரவும் வழியில்லை. இரண்டாவது, மலாயா வயல் எலி. அடர்காட்டில் அதற்கு அவ்வளவாக இடம் கிடையாது. புதர், தோட்டம், மனிதன் கைபட்ட இடம்தான் அதன் ராஜ்ஜியம். துண்டான காட்டுக்குள் நுழைந்து மற்றவற்றைத் தின்று அல்ல, தின்ன விடாமலே வென்றுவிட்டது. சில தீவுகளில் அது ஒன்றுதான் மிச்சம்.

என் கணக்கில் எல்லாக் காரணங்களுக்கும் இதுவே தாய். நோய், பூனை, விஷம், வேட்டை எல்லாம் வாசலைத் தட்டுபவை. கதவைக் கழற்றி வைத்தது, காட்டைத் துண்டு போட்டதுதான்.

சனி, தெலுக் பஹாங்

தீவின் வடமேற்கு மூலை. தேசியப் பூங்காவில் நடந்தோம், வியர்த்தோம், கடற்கரையில் இளநீர் குடித்தோம். பூங்காவைவிட எனக்குப் பிடித்தது, சாலைக்கு மேலே தொங்கிய ஒரு கயிற்றுப்பாலம். பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிச் செய்தது. கண்ணாடிக் குரங்கு என்று நாம் சொல்லக்கூடிய, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட லங்கூர்கள் சாலையில் அடிபட்டுச் சாவதைத் தடுக்க, லங்கூர் புராஜெக்ட் பினாங்கு என்ற குழு 2019இல் கட்டியது. குரங்குக்குக் கட்டிய பாலத்தில் வாழை அணிலும் போய்வருகிறது. வால்பாறையில் சோலைமந்திகளுக்கு இதே மாதிரி கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. ஆனால் பாலம் ஏறத் தெரியாதவை என்ன செய்யும்? அந்தச் சாலையிலேயே அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு மர மூஞ்சூறு நசுங்கிக் கிடந்தது. எங்கள் காரை ஓரம் கட்டி, மருமகள் முறை கொண்டாடும் அவளுடைய சிநேகிதி ஒருத்தி கைபேசியில் படமெடுத்து இடத்தைக் குறித்துக்கொண்டாள். இப்படிக் குறிப்பது இவர்களுக்குப் பழக்கமாம்.

இரவு அண்ணி வீட்டில் சாப்பாடு. அண்ணி மூன்று பூனை வளர்க்கிறார், மூன்றும் இஷ்டம் போல வெளியே போய்வரும். பேச்சு ஆஸ்திரேலியாவுக்குப் போனது, பூனையில்தான் முடியும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

1788இல் ஆங்கிலேயர் குடியேறியதிலிருந்து ஆஸ்திரேலியா முப்பதுக்கு மேற்பட்ட தரைப் பாலூட்டி இனங்களை இழந்துவிட்டது. 1500க்குப் பின் உலகில் அழிந்த பாலூட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு நாட்டுக் கணக்கில் வருகிறது. பர்பிட்ஜ், மெக்கன்சி என்ற இருவர் 1989இல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: போனவை, தேய்ந்தவை பெரும்பாலும் 35 கிராமுக்கும் ஐந்தரைக் கிலோவுக்கும் இடைப்பட்ட எடை. அதைவிடச் சிறியவை ஓரளவு தப்பின, கங்காரு போன்ற பெரியவையும் தப்பின. பூனையும் நரியும் வாயில் கவ்விக்கொண்டு போகிற அளவு எது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். இரண்டுமே வெள்ளைக்காரர் கொண்டுவந்தவை. நரியை வேட்டை விளையாட்டுக்காக. போதாததற்கு 1859இல் விட்ட முயல்கள் பெருகிப் புல்லை மொட்டையடித்தன. ஒளிய இடம் போயிற்று. பூர்வகுடிகள் அங்கங்கே சின்னச் சின்னதாகத் தீ வைத்துக் காத்த வழக்கம் நின்றதும் பெருந்தீ பரவியது. எரிந்த வெட்டவெளியில் பூனைக்கு வேட்டை இன்னும் சுலபம். ஆக ஒரு காரணம் இன்னொன்றுக்கு வழி திறந்துவிட்டுக்கொண்டே போயிருக்கிறது.

"அதுக்கு என் பூனையை என்ன பண்ணச் சொல்றே?" என்றார் அண்ணி, கறி பரிமாறிக்கொண்டே.

இங்கே எனக்கு ஒரு கருத்து உண்டு. ஆஸ்திரேலியக் கணக்கை அப்படியே பினாங்குக்குப் போட முடியாது. மலாயாக் காட்டுச் சிற்றுயிர்கள் சிறுத்தைப் பூனைக்கும் மரநாய்க்கும் நடுவே பழகி வளர்ந்தவை. பூனை வாசனை என்றால் என்னவென்று அவற்றுக்குத் தெரியும். நரியையே அறியாத பில்பி என்ற ஆஸ்திரேலியச் சிறு பாலூட்டி மாதிரி திகைத்து நிற்காது. ஆனால் காட்டோரத்து வீட்டுப் பூனைக்கு வீட்டில் சாப்பாடு நிச்சயம். இரை குறைந்தாலும் காட்டுப் பூனை மாதிரி அது குறையாது. அதனால் இரவில் மட்டும் உள்ளே பூட்டுங்கள் என்றேன். அண்ணி பதில் சொல்லவில்லை. ரசம் வந்தது.

நல்ல செய்தியும் ஒன்று சொன்னாள். மேற்கு ஆஸ்திரேலியாவின் டர்க் ஹார்டாக் தீவு 620 சதுர கிலோமீட்டர்; அவ்வளவு பெரிய தீவிலிருந்து கடைசிப் பூனை வரை அகற்றிவிட்டதாக 2018இல் அறிவித்தார்கள். அற்றுப்போன சிறு பாலூட்டிகளை வேறிடங்களிலிருந்து கொண்டுவந்து விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிறு, பாலிக் புலாவ்

டுரியான் பருவம். மலைச்சரிவுத் தோட்டத்தில் வலை கட்டியிருக்கிறார்கள், பழம் தானாக விழ வேண்டும். எனக்கு முதல் சுளை பிடிக்கவில்லை, மூன்றாவது சுளையில் தோற்றேன். தோட்டத்துச் சீனப் பெரியவர் என் முகத்தைப் பார்த்தே சிரித்தார்.

டுரியான் பூ சாயங்காலம் விரிந்து, விடிவதற்குள் உதிரத் தொடங்கிவிடும். அந்த இரவு வேலையைச் செய்வது வௌவால்: குகையில் வாழும் தேன் வௌவால் முக்கியமானது. பழந்தின்னி வௌவால் பூவைத் தின்று நாசம் செய்கிறது என்று பல விவசாயிகளுக்குக் கோபம். தியோமான் தீவில் மரத்தில் கேமரா கட்டிப் பார்த்தவர்கள் 2017இல் எழுதினார்கள்: அது தேனைத்தான் நக்குகிறது, பூ சேதமாகவில்லை, மகரந்தமும் பரவுகிறது. பெரியவருக்கு இதை மலாயில் இவள் விளக்க, அவர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டாரா, மரியாதைக்கா, தெரியவில்லை.

வௌவாலுக்கு இந்த நாட்டில் இன்னொரு கெட்ட பெயரும் உண்டு. 1998-99இல் நிப்பா. பன்றிப் பண்ணையோரத்துப் பழமரங்களுக்கு வௌவால் வந்தது, அது கடித்துப் போட்டதைப் பன்றி தின்றது, பன்றியிலிருந்து மனிதனுக்கு. நூற்றைந்து பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள். கேரளத்தில் நிப்பா வரும்போதெல்லாம் எல்லையோரத்து நமக்கும் வயிறு கலங்கும், அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வௌவால் தங்கும் மரத்தை வெட்டினால் அது பறந்து இன்னொரு ஊருக்குள்தான் போகும்.

மூன்று, நான்கு கிராம் எடையுள்ள கிறிஸ்துமஸ் தீவுக் குட்டி வௌவாலின் குரலைக் கருவிகள் கடைசியாகப் பதிவு செய்தது 2009 ஆகஸ்டில். பிடித்து வளர்த்துக் காப்பாற்றலாம் என்று அரசு முடிவெடுத்து ஆட்கள் போனபோது ஒரே ஒரு வௌவாலின் குரல்தான் கேட்டது. சில நாளில் அதுவும் இல்லை. அங்கே குடியேறிய ஓநாய்ப் பாம்பா, மஞ்சள் எறும்பா, பூனையா, எலியா என்று இன்றுவரை ஒன்றை மட்டும் குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. குறைகிறது என்று பல ஆண்டுகளாக எச்சரித்தவர்கள் இருந்தார்கள். காரணம் நிச்சயமாகட்டும் என்று காத்திருந்ததில் காலம் போயிற்று.

திரும்பும்போது அண்ணன் கைபேசியில் ஒரு காணொலி காட்டினார். கையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சுகிற தேவாங்கு, மலாயில் கோங்காங். லட்சக்கணக்கானோர் ரசித்திருக்கிறார்கள். மகள் பிடுங்கி அணைத்தாள். "கொஞ்சலைப்பா, பயந்துபோய்க் கையைத் தூக்குது. முழங்கைப் பக்கம் விஷச் சுரப்பி இருக்கு." வளர்ப்புக்கு விற்பவர்கள் அதன் பல்லை நறுக்கிவிடுவார்களாம். சட்டம் தடை செய்திருக்கிறது, இணையத்தில் வியாபாரம் நடக்கிறது. எங்கள் திண்டுக்கல் பக்கம் கடவூரில் 2022இல் தேவாங்குக்கென்றே 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அறிவித்தபோது ஊரில் பாதிப் பேர், "இதுக்கு எதுக்கு இவ்வளவு இடம்" என்றுதான் கேட்டார்கள்.

திங்கள், நிபோங் தெபால்

பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு. அண்ணியின் அப்பா செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசை வரிசையாகச் செம்பனை. காட்டு வாசனையே கிடையாது. எலி மட்டும் ஏராளம், குலையிலேயே குடும்பம் நடத்தும். எந்த எலி என்று மகள் கேட்டுப் பார்த்துச் சொன்னாள்: அதே மலாயா வயல் எலி, சியூ லார்ன் தீவுகளைப் பிடித்ததே, அதுதான்.

"எங்க காலத்துல விஷக்கட்டிதான் தம்பி. மரத்துக்கு ஒண்ணு வைப்போம்" என்றார் மாமா. "எலி உடனே சாவாது. நாலஞ்சு நாள் மயங்கித் திரியும். அதை ஆந்தை தின்னும், முசாங் (மரநாய்) தின்னும். அதுங்களும் போச்சு. அப்புறம் எலி ரெண்டு மடங்கு."

பிறகு தோட்டத்தில் ஆந்தைப் பெட்டி வைத்தார்கள். கம்பத்தின் மேல் மரப்பெட்டி, பத்து ஹெக்டேருக்கு ஒன்று. கூகை வந்து முட்டையிட்டது. 1960களின் இறுதிவரை மலாயாவில் அரிதாக இருந்த பறவை, இப்போது செம்பனை இருக்கும் இடமெல்லாம் உண்டு. குரங்குகூட எலி தின்னும் என்று மகள் சொன்னதும் மாமா நம்பவில்லை. பேராக் செகாரியில் யூ.எஸ்.எம். ஆய்வாளர்கள் சேர்ந்து செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வு அது: பக்கத்தில் காடு இருந்து, அங்கிருந்து பெருக் என்ற பன்றிவால் குரங்குகள் வந்துபோகும் தோட்டத்தில் எலித்தொல்லை முக்கால் பங்குக்கு மேல் குறையுமாம். காய் தின்கிறதே என்று அவர்கள் விரட்டிய அதே குரங்கு.

"அப்ப காடு பக்கத்துல இருந்தா தோட்டக்காரனுக்கு லாபம்னு சொல்றியா?"

"ஆமா தாத்தா. ஓரத்துல ஆத்தங்கரைக் காட்டை மட்டும் வெட்டாம விட்டாக்கூடப் போதும்."

மாமா பழைய மேலாளர் ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஆற்றங்கரையில் கடைசி முழம் வரை செம்பனை நட்டு, வெள்ளத்தில் பாதியை இழந்தவராம். அந்த வரிசையை மறுநடவு செய்யப்போகிறார்களா என்று தோட்ட அலுவலகத்தில் நாளை விசாரித்துச் சொல்வதாகப் பேத்தியிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கு நாளை காலை ஏழு மணிக்கு விமானம். பதிலை அவள் எழுதி அனுப்பினால் கீழே சேர்க்கிறேன்.